திகதியைச் சொல்லுங்கள்

விசுவமடுவில் நான் கட்டிய வீட்டில் குடிபுகுந்து ஏழு மாதங்களாகின்றன. கிணறு இருக்கிறது, தண்ணீரும் நல்ல தண்ணீர். மின்சாரம் விண்ணப்பித்து ஐந்தாவது வாரத்தில் வந்துவிட்டது. படலைக்கு முன்னால் கிறவல் ஒழுங்கை ஓடுகிறது. அந்த ஒழுங்கை பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் ஏறும் இடத்தில் ஒரு கம்பமும், கம்பத்தில் ஒரு கறுப்புப் பெட்டியும் இருக்கின்றன. அந்தப் பெட்டி வரை ஒளியிழை வந்துவிட்டது. பெட்டிக்கும் என் படலைக்கும் இடையே 600 மீற்றர். ஆறுதலாக நடந்தால் எட்டு நிமிடம். ஏழு மாதங்களாக இணையத்தால் அந்தத் தூரத்தைக் கடக்க முடியவில்லை.

இதை என் சொந்த வசதிக்கான புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் நான். வவுனியாவில் தொலைநகல் இயந்திரத்துக்கு முன்னால் வரிசையில் நின்று செய்தி அனுப்பிய காலமும் உண்டு. ஒரு கட்டுரையை அனுப்ப எனக்குக் கைத்தொலைபேசியே போதும். இணைப்புக் கிடைக்காததற்காக நான் எழுதவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணத்துக்காக எழுதுகிறேன்.

முதல் தடவை போனபோது, கணினியைப் பார்த்த பெண்பிள்ளை, "ஓம் ஐயா, உங்கட பக்கத்துக்கு லைன் இருக்கு" என்றாள். படிவம் நிரப்பினேன். காணி அப்பாவின் பெயரிலுள்ள அனுமதிப்பத்திரக் காணி என்பதால், கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தல் கடிதம் வாங்கிக் கொடுத்தேன். மூன்று வாரங்களின் பின் இரண்டு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பெட்டியில இடமில்லை ஐயா" என்றார்கள். அடுத்த மாதம் அந்தக் காரணம் "தூரம் கூட" என்று மாறியது. அதற்கடுத்த மாதம் "ஒழுங்கைக்குக் கம்பம் இல்லை" என்றாயிற்று. ஒழுங்கை நெடுக மின்கம்பங்கள் நிற்கின்றனவே என்று கேட்டேன். அவை வேறு நிறுவனத்தின் சொத்தாம். அவற்றில் கேபிள் கட்ட முடியாதாம்.

நாலாவது தடவை போனபோது பொறுப்பான ஒருவர் என்னை உள்ளே அழைத்து இருத்தி உண்மையைச் சொன்னார். "ஐயா, அந்த ஒழுங்கையில பதினாலு வீடு. கம்பம் நட்டுக் கேபிள் இழுத்தா, போட்ட காசு எத்தனை வருசத்தில திரும்பி வரும்? மேல அனுமதிக்க மாட்டினம்."

"எப்ப அனுமதிப்பினம்?" என்று கேட்டேன்.

"திகதி சொல்லேலாது" என்றார்.

அவருடைய நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், இது ஒரு நிறுவனத்தின் குறை என்றாகிவிடும். போட்டி நிறுவனத்துக்கு மாறினால் தீர்ந்துவிடும் என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். அந்த மனிதர் மீதும் எனக்குக் கோபமில்லை. அவர் மட்டும்தான் உண்மை பேசினார். நான் எழுத வந்தது, அப்படியொரு பதிலைச் சட்டப்படி குற்றமற்ற பதிலாக்கி வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பற்றி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். தூரம் ஒரு காரணமே அல்ல. வீடுகளுக்கான ஒளியிழை முறையில், நிலையத்திலிருந்து வரும் ஓர் இழை வழியில் பிரிப்பான்களால் பல வீடுகளுக்குப் பகிரப்படுகிறது. ஓர் இழையில் 32 வீடுகள் என்பது சாதாரணம். நிலையத்திலிருந்து 20 கிலோமீற்றர் வரை வேலை செய்யும்படிதான் அந்த முறை வகுக்கப்பட்டிருக்கிறது. பழைய செப்புக் கம்பியில் தூரம் கூடக் கூட வேகம் குறையும். ஐப்பசி மின்னலுக்குக் கருவி எரிந்துபோகும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. வன்னிக்கு இதைவிடப் பொருத்தமான தொழில்நுட்பம் இல்லை. பெட்டியில் இடமில்லையென்றால் இன்னொரு பெட்டி வேண்டும். கம்பம் இல்லையென்றால் 50 மீற்றருக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கம்பம் வேண்டும். அவ்வளவுதான். எங்கள் ஒழுங்கையை மறித்து நிற்பது தலைக்கணக்கு மட்டுமே.

கணக்கென்றால் கணக்கையே பேசுவோம். 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 92,000. ஒரு சதுர கிலோமீற்றருக்கு 40 பேர்கூட இல்லை. நாட்டின் மாவட்டங்களுள் மிகக் குறைந்த அடர்த்தி அதுதான். கொழும்பு மாவட்டத்தில் அதே பரப்பில் 3,400 பேர் அளவில் வாழ்ந்தார்கள். இலாபத்தை மட்டும் பார்த்தால் கம்பம் எங்கே நடப்படும் என்பதற்குச் சோதிடம் தேவையில்லை.

ஆனால் எங்கள் ஒழுங்கையில் ஏன் பதினாலு வீடு? 1960களின் பிற்பகுதியில், படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து இங்கே வந்தவர் என் அப்பா. பரீட்சையில் சித்தியடைந்தும் வேலை கிடைக்காத இளைஞர்களிடம் காட்டைக் கொடுத்து, வெட்டிப் பயிர் செய் என்றது அன்றைய அரசு. செய்தார்கள். 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, நாட்டின் கறிச்சட்டிக்கு மிளகாய் அனுப்பிய ஊர்களில் விசுவமடுவும் ஒன்று. நான் சிறுவனாக இருந்தபோது இந்த ஒழுங்கையில் முப்பது வீடுகளுக்கு மேல் அடுப்பெரிந்தது. பிறகு 1990. மின்சாரம் போயிற்று, மண்ணெண்ணெயும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி வானொலி கேட்டோம். 2009 ஜனவரி இறுதியில் போர் விசுவமடுவைக் கடந்தது. இதே பரந்தன் - முல்லைத்தீவு வீதியால்தான் சனம் கிழக்கே போயிற்று.

ஒளியிழையால் நெடுந்தூரம் செய்தி அனுப்பலாம் என்று சார்ள்ஸ் காவோ ஆய்வுக் கட்டுரை வெளியிட்ட ஆண்டு 1966. அப்பா இங்கே கொட்டில் போட்டதும் அதை அண்டிய ஆண்டுகளில்தான். அந்த ஆய்வுக்காகக் காவோவுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது 2009 ஒக்டோபரில். அப்போது எங்கள் ஒழுங்கைச் சனம் செட்டிகுளத்தில் முட்கம்பி வேலிக்குள் இருந்தது.

திரும்பி வந்தது பதினாலு குடும்பம். ஒன்பது வீடுகள், வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் என்று கட்டங்கட்டமாக வழங்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்ட உதவியில் எழுந்தவை. மற்றவை கடனிலும் வெளிநாட்டுப் பணத்திலும் எழுந்தவை. வராதவர்களில் சிலர் ரொறன்ரோவில் இருக்கிறார்கள், சிலர் லண்டனில். சிலர் வலைஞர்மடத்துக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் எங்கோ இருக்கிறார்கள். போர் குறைத்துவிட்டுப்போன எண்ணிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, இது போதாது, ஆகவே இணைப்பில்லை என்கிறார்கள். இதை வர்த்தகத் தீர்மானம் என்று மட்டும் சொல்லிவிட்டு என்னால் போக முடியவில்லை. இழந்தவனிடமே இழப்புக்கான தண்டத்தையும் அறவிடுவதற்கு வேறு பெயர் இருக்கிறது.

அந்தப் பதினாலு வீடுகளில் ஒன்றில் ஒரு தம்பி இருக்கிறான். 2009இல் அவனுக்குப் பதினொரு வயது. முதுகுத்தண்டில் எறிகணைச் சிதறல். அன்றிலிருந்து சக்கர நாற்காலி. யாரும் சொல்லிக்கொடுக்காமல் கணினியில் வடிவமைப்புப் பழகி, வெளிநாட்டிலுள்ள எம்மவர்களுக்குக் கல்யாண அழைப்பிதழும் அல்பமும் அந்தியேட்டி நினைவுமலரும் செய்துகொடுக்கிறான். பகல் டேட்டாவின் விலை அவனுக்குக் கட்டாது. மலிவான பொதியில் பெரும்பகுதி நள்ளிரவுக்குப் பிறகு பாவிக்க வேண்டிய டேட்டா. ஆகவே பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு, நள்ளிரவில் எழும்பி, தொலைபேசியை யன்னல் கம்பியில் கட்டி, அல்பத்தை ஏற்றத் தொடங்குவான். மழை பெய்தால் பாதியில் நிற்கும். திரும்பத் தொடங்குவான். வேறு தொழில் அவனால் செய்ய இயலாது. வயலுக்கு இறங்க முடியாது, பேருந்தில் ஏற முடியாது. அவனுக்கு இந்த 600 மீற்றர்தான் உழைப்புக்கும் உதவிப்பணத்துக்கும் இடையிலுள்ள தூரம்.

"கைத்தொலைபேசி இருக்கிறதே, போதாதா?" என்று கேட்பவர்களுக்கு அவனே பதில். ஒரு கோபுரத்தின் அலைவரிசையைச் சுற்றுவட்டாரம் முழுவதும் பங்கிட்டுக்கொள்கிறது. பின்னேரம் பிள்ளைகள் வகுப்பில் சேரும் நேரத்தில்தான் அது களைத்துப்போகும். "செய்மதி இணையம் வந்துவிட்டதே" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியது உண்மை. அப்போது கருவிக்கே ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். ஐந்தரை இலட்சத்தில் வீடு கட்டிய குடும்பத்திடம், வீட்டுப் பெறுமதியில் ஐந்திலொன்றை ஒரு தட்டுக்குக் கொடு என்று சொல்ல எனக்கு நாக்கூசுகிறது.

இங்கே புலம்பெயர்ந்த வாசகர்களோடு கொஞ்சம் மனம்விட்டுக் கதைக்க வேண்டும். ரொறன்ரோவிலிருக்கும் என் சித்தப்பாவின் மகன் விடயத்தைக் கேள்விப்பட்டு உடனே எடுத்தான். "அண்ணை, கம்பத்துக்கு எவ்வளவு? நான் அனுப்பிவிடுறன், பிரச்சினையை முடியுங்கோ" என்றான். அன்பான பிள்ளை. நான் மறுத்தேன். மறுத்ததற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகினால் கனடா, மலசலகூடம் இல்லையென்றால் லண்டன், கிணறு தூர்ந்தால் சுவிஸ் என்று வன்னி பழகிவிட்டது. அரசு செய்ய வேண்டியதையும், அரசிடம் உரிமம் பெற்றவன் செய்ய வேண்டியதையும் நாங்கள் செய்துகொண்டேயிருந்தால், செய்ய வேண்டியவன் செய்யாமலிருக்கப் பழகிவிடுவான். நாளை விதி இப்படியாகும்: ஒழுங்கைக்கு ஒரு கனடா இருந்தால் இணைப்பு, இல்லையென்றால் இல்லை. றெட்பானாப் பக்கம் வெளிநாட்டில் ஒருவருமில்லாத ஒழுங்கைக்கு யார் கம்பம் நடுவது? நாங்கள் காசு கொடுத்து நட்ட கம்பம் அடுத்த நாளே நிறுவனத்தின் சொத்து. மாதக் கட்டணமும் நிறுவனத்துக்கு. நன்கொடையை வாங்கி முதலீடாக்கிக்கொள்ளும் வியாபாரம் உலகில் வேறெங்கும் உண்டா?

இதைத்தான் அந்தத் தம்பியிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "மாமா, நீங்கள் சொல்லுறது சரிதான். ஆனா அது சரிவருமட்டும் நான்தானே இரவில முழிச்சிருக்கோணும்."

எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் வரவில்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் வகுத்த நோக்கங்களில் முதன்மையானது, நம்பகமான தொலைத்தொடர்புச் சேவையை நாட்டில் உறுதிப்படுத்துவது. நியாயமான கேள்வி எல்லாவற்றையும் அது நிறைவுசெய்ய வேண்டும். கிராமியச் சேவையும் அதில் அடங்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் நடுவே ஒரு விதிவிலக்கு: நடைமுறையில் சாத்தியமற்ற இடங்கள் நீங்கலாக. அந்தச் சிறு வாசலால்தான் எங்கள் ஒழுங்கை முழுவதும் வெளியே போய்விட்டது. இலாபமில்லாததையெல்லாம் சாத்தியமில்லாதது என்று வாசிக்கப் பழகிவிட்டார்கள். பன்னிரண்டு கம்பம் நடுவது எந்த அகராதியில் சாத்தியமற்றது?

பணம் இல்லையென்று சொல்வார்கள். 2004ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டம் சர்வதேசத் தொலைபேசி அழைப்புகள் மீது ஓர் அறவீட்டை விதித்தது. உங்களுக்கு நினைவிருக்கும். தொலைபேசி அட்டை வாங்கி, நாணயத்தால் சுரண்டி, நீளமான இலக்கங்களை அழுத்தி, "அம்மா, கேக்குதா?" என்று கத்திய காலம் அது. நீங்கள் கதைத்த நிமிடங்களிலிருந்தும் ஒரு பங்கு கொழும்புக்குப் போயிற்று. இவ்வகை அறவீடுகளுக்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று, இலாபம் தராத கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பைக் கொண்டுபோவது. ஆகவே எங்கள் கம்பத்துக்குரிய பணத்தை நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்துவிட்டீர்கள் என்பதே என் வாதம். இரண்டாம் முறையும் கொடுக்கச் சொல்லும் உரிமை ஒருவருக்கும் இல்லை. விசுவமடுவில் ரீலோட் செய்கிறவனும் கொழும்பு 7இல் இருப்பவனும் 2024 ஜனவரியிலிருந்து ஒரே 18 வீத வற் வரியைத்தான் கொடுக்கிறார்கள். வரியில் சமத்துவம் இருக்கிறது. சேவையில்தான் அடர்த்தி பார்க்கப்படுகிறது.

இது புதுமையான கோரிக்கையும் அல்ல. கொழும்பிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் கடிதத்துக்கும் விசுவமடுவுக்கு வரும் கடிதத்துக்கும் முத்திரை ஒரே விலை. தூரத்தைக் கணக்கில் எடுக்காத ஒரே தபால் கட்டணத்தைப் பிரித்தானியா 1840இல் தொடங்கியது. நகரத்துக் கடிதத்தின் இலாபம் கிராமத்துக் கடிதத்தைச் சுமந்தது. அதை ஒருவரும் சாத்தியமற்றது என்று சொல்லவில்லை. பின்லாந்து 2010 ஜூலையில் விநாடிக்கு ஒரு மெகாபிட் இணைப்பை ஒவ்வொருவரினதும் சட்ட உரிமையாக்கியது. மக்கள் அடர்த்தி மிகக் குறைந்த நாடு அது. பிரித்தானியாவில் 2020 மார்ச் முதல் 10 மெகாபிட் இணைப்பைக் கேட்டுப்பெறும் உரிமை உண்டு. 3,400 பவுண் வரையான செலவு வீட்டுக்காரரின் தலையில் விழாது. இங்கிலாந்தில் 2022 டிசம்பரிலிருந்து, புதிதாகக் கட்டப்படும் வீட்டுக்கு அதிவேக இணைப்புக்கான ஏற்பாட்டைக் கட்டட விதியே கேட்கிறது. எங்கள் பிரதேச சபையில் வரைபடம் கொடுத்தபோது, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலான தூரத்தை அளந்து பார்த்தார்கள். சரியான காரியம். இணைப்புக் குழாய் பற்றி ஒரு வரி இல்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஒளியிழை கொண்டுபோக, பாரத்நெட் என்ற திட்டத்தின் கீழ் வேலை நடக்கிறது. இந்திய மத்திய அரசு 2011இல் அங்கீகரித்த திட்டத்தின் தொடர்ச்சி அது. தாமதம் உண்டு. ஊராட்சி அலுவலகம் வரை இழை போவது வேறு, வீட்டுக்குப் போவது வேறு என்ற சிக்கலும் உண்டு. ஆனால் எல்லா ஊராட்சியும் பட்டியலில் இருக்கிறது. என் ஊர் எப்போது என்று கேட்பவனுக்குக் கேட்க ஓர் இடமும் காட்ட ஓர் இலக்கமும் இருக்கின்றன. நாங்கள் பட்டியலிலேயே இல்லை.

இதைத் தமிழருக்கு மட்டும் இழைக்கப்படும் அநீதி என்று சொல்லி முடித்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும், உண்மை குறைந்துவிடும். 2021இல், கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த காலத்தில், ஊவாவின் போஹிட்டியாவ என்ற சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுக்குள் நடந்து மலைப்பாறையில் ஏறியிருந்து பாடம் கேட்டதை உலகச் செய்தி நிறுவனங்கள் படமெடுத்து வெளியிட்டன. அந்தப் பிள்ளைகளையும் எங்கள் ஒழுங்கையையும் விலக்கி வைத்தது ஒரே தலைக்கணக்குத்தான். வன்னியில் அந்தக் கணக்குக்குள் போரும் சேர்ந்திருக்கிறது என்பது மட்டுமே வித்தியாசம். ஆகவே இந்தக் கோரிக்கை இரண்டு மொழியிலும் எழுதப்பட வேண்டியது. எழுதியிருக்கிறோம்.

பதினாலு வீட்டாரும் கையெழுத்திட்ட கடிதம் இந்தக் கிழமை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குப் பதிவுத் தபாலில் போகிறது. மூன்று விடயங்கள் கேட்டிருக்கிறோம். விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும், இணைப்பு எந்தத் திகதிக்குள் தரப்படும் என்று எழுத்தில் கொடுக்கும் கடமையை உரிமத்தின் நிபந்தனையாக்குங்கள். ஒரு ஒழுங்கையில் மின்கம்பம் நிற்கும்போது, நியாயமான வாடகைக்கு அதிலேயே ஒளியிழையைக் கட்டுவதற்கு இரு தரப்பையும் இணங்கவையுங்கள். கிராமியத் தொலைத்தொடர்புக்கென்று அறவிட்ட பணம் எந்தப் பிரதேசத்தில் எவ்வளவு செலவாயிற்று என்பதை ஊர்வாரியாக வெளியிடுங்கள். மூன்றாவதுக்குப் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நானே விண்ணப்பிப்பேன். படிவம் நிரப்பி மேசையில் இருக்கிறது.

ரொறன்ரோத் தம்பிக்கும் நேற்றுப் பதில் எழுதினேன். தைப்பொங்கல் வரை பொறு என்றிருக்கிறேன். அதற்குள் ஒரு திகதி, அது அடுத்த ஆண்டின் திகதியாக இருந்தாலும், எழுத்தில் வந்தால் காத்திருப்போம். வராவிட்டால் கம்பத்தை நாங்களே நடுவோம். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையின் நித்திரையை அடகு வைத்து என் கொள்கையைக் காப்பாற்ற மாட்டேன். ஆனால் செலவுக் கணக்கைப் பற்றுச்சீட்டுகளோடு அனுப்பி, அதை எங்களுக்குத் தரவேண்டிய கடன் என்று பெயரிட்டுக் கேட்போம். கேட்டுக்கொண்டேயிருப்போம்.

நேற்று இரவும் பன்னிரண்டரைக்கு அந்த வீட்டு யன்னலில் வெளிச்சம் தெரிந்தது. லண்டனில் யாரோ ஒரு பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழா அல்பமாம். காலையில் கேட்டேன். "பாதிதான் போனது மாமா" என்றான்.